கொழும்பிலிருந்து வந்த குரல்களும் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளின் குரலும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இதில் பாதி அவர்களுடைய கதை.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் "வொய்ஸ் ஓவர்" என்ற சொல்லை அடிக்கடி சொல்கிறார்கள். யூடியூப் வீடியோவுக்குக் குரல் கொடுப்பது, கடை விளம்பரத்துக்குப் பேசுவது, கதையை வாசித்துப் பதிவது என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். நேற்று வந்த புதுத் தொழில் என்று நினைக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி நம்ம நாட்டிலேயே, கொழும்பிலேயே நடந்தது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் லயன் வீடுகளில் இருந்த நம்ம ஆட்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள்.

முதலில் இசைத்தட்டுக் காலத்துக்குப் போவோம். 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலை கிராமபோன் கம்பனிக்காரர்கள் பதிவு செய்தார்கள். பாட்டு முடியும் இடத்தில் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். ஏன் தெரியுமா? தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில். அங்கே இருந்தவர்களுக்கு இந்தப் பாட்டு யாருடையது என்று தெரியாது. லேபல் சரியாக ஒட்டுவதற்காகத்தான் பாடியவரே பெயரைச் சொன்னார். பதிவான குரலில் ஒரு அறிவிப்பு என்பது இப்படி ஒரு நடைமுறைத் தேவைக்காக வந்தது.

அடுத்தது ரேடியோ. இலங்கையில் 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பு செய்தார். முதல் உலக யுத்தத்தில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களை வைத்து, கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் இசையை அனுப்பினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி "கொழும்பு வானொலி" ஒழுங்கான சேவையாகத் தொடங்கியது. பிபிசி 1922இல் தொடங்கியது. அதற்கு மூன்று வருஷம்தான் பின்னால் நாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஆங்கிலேயப் படைகளுக்காகக் கொழும்பில் பெரிய சிற்றலை நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். யுத்தம் முடிந்த பிறகு அது இலங்கையிடம் வந்தது. 1949இல் "ரேடியோ சிலோன்" என்ற பெயர் வந்தது. 1950 செப்டம்பர் 30ஆம் திகதி வர்த்தக சேவை ஆரம்பமானது. 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனமாக மாறி, 1972இல் குடியரசான பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

அந்த வர்த்தக சேவைதான் நம்ம விஷயத்துக்கு முக்கியம். விளம்பரத்துக்கு நேரத்தைக் காசுக்கு விற்கிற வானொலி அது. பக்கத்து நாட்டிலோ அகில இந்திய வானொலி 1952இல் சினிமாப் பாட்டுக்களை ஒதுக்கி வைத்தது. பாட்டுக் கேட்க ஆசைப்பட்ட கோடிக்கணக்கான ஆட்கள் ஊசியைக் கொழும்பு பக்கம் திருப்பினார்கள். பம்பாயில் அமீன் சயானி என்ற இளைஞர் 1952 டிசம்பரில் "பினாக்கா கீத்மாலா" நிகழ்ச்சியைத் தொடங்கினார். அவர் பேசியது பம்பாயில். அந்த நாடாவைக் கொழும்புக்கு அனுப்பி, இங்கிருந்து ஒலிபரப்பினார்கள். அது வடக்கு இந்தியா முழுக்கக் கேட்டது. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேசுகிறவர் ஒரு ஊரில், ஒலிபரப்பு இன்னொரு நாட்டில், கேட்கிறவர் மூன்றாவது இடத்தில். இன்று வீட்டு அறையில் குரலைப் பதிந்து வேறு நாட்டுக் கம்பனிக்கு அனுப்புகிற பிள்ளைகள் செய்வதும் இதே வேலைதான். அன்று அதைச் சாத்தியமாக்கியது காந்த நாடா. 1930களில் ஜெர்மனியில் உருவாகி, யுத்தத்துக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நாடா வருவதற்கு முன் ஒலிபரப்பில் பெரும்பாலும் நேரடியாகத்தான் பேச வேண்டும். தடுமாறினால் தடுமாறினதுதான். நாடா வந்த பிறகு பிழையான இடத்தை பிளேடால் சாய்வாக வெட்டி, நல்ல பகுதியை ஒட்டலாம். நேராக வெட்டினால் "டக்" என்று சத்தம் வரும் என்பதால்தான் சாய்த்து வெட்டினார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம்.

ரேடியோ சிலோனின் தமிழ்ப் பகுதியை வளர்த்தவர்களில் சோ. சிவபாதசுந்தரம் முக்கியமானவர். லண்டன் பிபிசியில் வேலை செய்தபோது அங்கிருந்த தமிழ் ஒலிபரப்புக்கு "தமிழோசை" என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். 1954இல் "ஒலிபரப்புக் கலை" என்று ஒரு புத்தகம் எழுதினார். மைக்குக்கு முன்னால் பேசுவது தனிக் கலை, அதைப் படித்துப் பழக வேண்டும் என்று எழுபது வருஷத்துக்கு முன்னமே நம்ம நாட்டுத் தமிழர் ஒருவர் புத்தகம் போட்டுவிட்டார்.

வர்த்தக சேவையில் எஸ்.பி. மயில்வாகனன் குரலுக்குத் தமிழ்நாடே காத்திருந்தது. பிறகு ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீட் என்று ஒரு வரிசை. "மதுரக் குரல் மன்னன்" என்று பெயர் எடுத்த கே.எஸ். ராஜா மூச்சு விடாத வேகத்தில் பேசுவார், ஆனால் ஒரு எழுத்தும் விழாது. அவர் 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். இந்த நாட்டில் குரலால் வாழ்ந்தவர்கள் குரலாலேயே ஆபத்தையும் சந்தித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அப்துல் ஹமீட் தெமட்டகொடையில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளை. சிறுவர் நிகழ்ச்சியில் தொடங்கியவர். பிறகு "பாட்டுக்குப் பாட்டு" வழியாக உலகத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த குரலானார். 2000இல் வந்த "தெனாலி" படத்தில் கமல்ஹாசன் பேசிய இலங்கைத் தமிழுக்குப் பயிற்சி கொடுத்தவரும் இவர்தான்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். "கோமாளிகளின் கும்மாளம்" என்ற வானொலி நாடகம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1976இல் "கோமாளிகள்" என்று படமாகவும் வந்தது. அதில் முஸ்லிம் மரைக்காராகப் பேசி நடித்த எஸ். ராம்தாஸ் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐயராகப் பேசி நடித்தவர் அப்துல் ஹமீட். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக ராஜகோபால், சிங்களவர் பேசும் தமிழில் உபாலியாக செல்வசேகரன். கேட்டவர்கள் சிரித்தார்கள், யாரும் கோபிக்கவில்லை. ஒருவர் மற்றவருடைய பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டுப் படித்திருந்தார்கள். கேட்பதுதான் குரல் தொழிலின் முதல் பாடம்.

ஆனால் அந்த நான்கு பேச்சையும் எண்ணிப் பாருங்கள். பிராமணத் தமிழ், முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் தமிழ். நம்ம தோட்டத்துத் தமிழ் எங்கே?

இங்கேதான் நம்ம கதை தொடங்குகிறது.

ஆரம்பத்தில் வால்வு ரேடியோ பெரிய பெட்டி. துரை பங்களாவிலும், பெரிய கிளாக்கர் வீட்டிலும், டவுன் கடைகளிலும்தான் இருந்தது. டிரான்சிஸ்டர் மலிவாக வந்த பிறகுதான் லயத்துக்குள் ரேடியோ நுழைந்தது. அதற்கும் அப்போது லைசன்ஸ் கட்ட வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் பாடினால் லயமே கேட்கும். இறப்பர் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழும்புகிறவர்கள், கொழுந்துக்குப் போகிறவர்கள் பிரட்டுக்கு நேரம் பார்க்க வேண்டியவர்கள். மணிக்கூடு இல்லாத வீடுகளில் வானொலி அறிவிப்பாளர் சொல்லும் நேரம்தான் நேரம்.

1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இங்கே என்றும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. எங்கள் ஊர்களில் இருந்தும் குடும்பங்கள் உடைந்து கப்பல் ஏறின. கொழும்பு வானொலி தமிழ்நாட்டிலும் கேட்டது. போனவர்களும் இருந்தவர்களும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்க முடிந்த ஒரு காலம் அது. அந்த மக்களுக்கு அப்போது வாக்குரிமை இல்லை, ஒழுங்கான பாடசாலை இல்லை. ஆனால் நல்ல தமிழ் உச்சரிப்பைத் தினமும் காதால் கேட்டார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிமார்கூட "ழ"வைச் சுத்தமாகச் சொன்னதைக் கேட்டிருப்பீர்கள்.

முஸ்லிம் வீடுகளிலும் வானொலிக்கு இதே இடம். ரமழானில் தலைப்பிறை அறிவிப்பு, நோன்பு திறக்கும் நேரத்து பாங்கு எல்லாம் முஸ்லிம் சேவை வழியாகத்தான் பலாங்கொடைக்கும், இறக்குவானைக்கும், மாவனல்லைக்கும், ஹெம்மாதகமைக்கும் வந்தன. குரல் பதிவில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு எகிப்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரி 1961இல் குர்ஆன் முழுவதையும் ஓதிப் பதிவு செய்து கொடுத்தார். ஒரு ஹர்பின் நீட்டம் குறைந்தாலும் பொருள் மாறும் என்பதால் அறிஞர்கள் கூட இருந்து கேட்டுச் சரிபார்த்த வேலை அது. 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்று தனி வானொலியே வந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓதிப் பழகுகிறார்கள்.

1963இல் பிலிப்ஸ் கம்பனி கெசட்டை அறிமுகப்படுத்தியது. அதோடு குரல் பதிவு நிலையத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. 1970களின் கடைசியில் இருந்து எங்கள் பெண்களும் ஆண்களும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். எழுதத் தெரியாத தாய்க்கும் மகளுக்கும் கெசட்தான் கடிதம். அறுபது நிமிஷக் கெசட்டில் வீட்டுச் செய்தி, பிள்ளை பாடின பாட்டு, அழுகை, கோழி கூவுவது எல்லாம் பதிவாகி வரும். இவர்கள் யாரும் மைக்குப் பயிற்சி எடுத்தவர்கள் இல்லை. ஆனால் தோட்டத்துத் தமிழ் அதன் சொந்தச் சாயலோடு பதிவானது அந்தக் கெசட்டுகளில்தான்.

1998இல் சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். போன்ற தனியார் வானொலிகள் வந்தன. மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கதவு திறந்தது. இன்று போன் ஒன்றும் ஒரு மைக்கும் இருந்தால் போதும். ஆனாலும் எங்கள் பிள்ளைகளிடம் "நீ வாசி" என்றால், "எங்க பேச்சு நல்லாயிருக்காது சேர்" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு மேடை ஏறும்போது, டவுன் பிள்ளையின் பேச்சைப் பிரதி பண்ணப் பார்க்கிறார்கள். அதில் பாதித் திறமை போய்விடுகிறது.

அவர்களுக்கு நான் சொல்கிற உதாரணம் அமிதாப் பச்சன். அகில இந்திய வானொலிக்கு அறிவிப்பாளராக விண்ணப்பித்துத் தெரிவாகாதவர். சினிமாவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலையே 1969இல் மிருணாள் சென் எடுத்த "புவன் ஷோம்" படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தது. ஒரு இடத்தில் வேண்டாம் என்ற குரல் இன்னொரு இடத்தில் தொழிலானது.

இது பிள்ளைகளின் கைச்செலவுக் காசோடு முடிகிற விஷயமும் இல்லை. நாங்கள் இருப்பது சப்ரகமுவ மாகாணம். தமிழ் பேசுகிறவர்கள் இங்கே சிறுபான்மை. 1956இல் சிங்களம் மட்டும் என்றார்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழியானது. சட்டத்தில் இருக்கிறது, காதுக்கு வருகிறதா? ஒரு அலுவலகத்துக்குப் போன் எடுத்து, தமிழுக்கு என்று சொன்ன இலக்கத்தை அழுத்தினேன். பதிவான குரல் சொன்னதை மூன்று தரம் கேட்டும் எனக்கே விளங்கவில்லை. சிங்கள வசனத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி, தமிழ் தெரியாத ஒருவர் வாசித்த மாதிரி இருந்தது. படித்த எனக்கே இப்படி என்றால், ஓய்வூதியக் காசு விஷயமாகப் போன் எடுக்கிற ஒரு ஆத்தாவுக்கு எப்படி இருக்கும்?

இன்னும் பெரிய விஷயம் மழை. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே நாட்களில் புலத்கொஹுபிட்டியவிலும் தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்தது. அடுத்த வருஷம் மே மாதமே இரத்தினபுரியில் பெரு வெள்ளம். மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் எங்கள் இரண்டும் முன்வரிசையில் இருக்கின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுகிறது. அது நடு இரவில், மழைச் சத்தத்துக்குள், லயத்தில் இருக்கிறவருக்கு விளங்குகிற தமிழில் வந்து சேர வேண்டும். "அபாய வலயத்திலிருந்து அப்புறப்படுமாறு அறிவுறுத்தப்படுகின்றீர்கள்" என்பதை விட "மண் சரியப் போகுது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்பவே ஸ்கூலுக்குப் போங்க" என்பது உயிரைக் காக்கும். அதைத் தெளிவாக, பதறாமல், பெரிய இடைவெளி விட்டுப் பேசத் தெரிந்த ஒரு குரல் ஒவ்வொரு தோட்டத்திலும் வேண்டும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே இரண்டு மொழியிலும் பதிந்து வைத்தால் யாருக்கு நட்டம்?

இனி வேலை கற்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சில விஷயம். பழைய அறிவிப்பாளர்கள் செய்தவைதான்.

எழுத்தை முதலில் மனதுக்குள் வாசியுங்கள், பிறகு வாய்விட்டு. மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நீண்ட வசனம் என்றால் இரண்டாக உடையுங்கள், கேட்கிறவர் திரும்பிப் போய் வாசிக்க முடியாது. மைக்கை வாயில் இருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கமாக வையுங்கள். நேராக வைத்தால் "ப", "ட" சொல்லும்போது காற்று அடிக்கும். வெறும் சுவர் அறையில் எதிரொலி வரும். மெத்தை, கம்பளி, உடுப்புத் தொங்கும் அலுமாரிப் பக்கம் எதிரொலியைக் குறைக்கும். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்றைக்குப் பதிவு வேண்டாம், எந்த அப்பும் அந்தச் சத்தத்தை முழுசாக எடுக்காது. பேசத் தொடங்கு முன் பத்து செக்கன் சும்மா பதிந்து வையுங்கள். அறையின் மௌனம் எப்படி இருக்கிறது என்று தெரியும், வெட்டி ஒட்டும்போது அதுவே உதவும். ல, ள, ழ மூன்றையும் தினமும் பழகுங்கள். உங்கள் ஊர்ச் சாயலை அழிக்காமல், எழுத்தை மட்டும் சுத்தமாக்கினால் போதும். சிங்களமும் தெரிந்திருப்பது எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கும் பெரிய பலம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இப்போது செயற்கை நுண்ணறிவால் ஒருவருடைய சில நிமிஷப் பதிவை வைத்து அவர் பேசாததையும் அவர் குரலில் பேச வைக்கலாம். 2024இல் "லால் சலாம்" படத்தில் ஏ.ஆர். ரஹ்மான், காலமான பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் இப்படிப் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருஷம் பம்பாய் உயர் நீதிமன்றம் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்குவதைத் தடுத்தது. பெரிய ஆட்களுக்கு வக்கீல் உண்டு. எங்கள் பிள்ளைக்கு யார்? "சாம்பிளுக்குச் சும்மா அரை மணித்தியாலம் வாசித்து அனுப்பு" என்று யாராவது கேட்டால் யோசியுங்கள். எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு காசு, குரலை இயந்திரத்துக்குப் பழக்கக் கொடுப்பார்களா என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வட்ஸ்அப்பில் வந்தாலும் அதை அழிக்காமல் வையுங்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கெசட் இருந்தால் எறிய வேண்டாம். எங்கள் ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையாகப் பூத்திருந்தால் உடனே போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவும் போகும், பிளேயரும் போகும். காய்ந்த இடத்தில், நிமிர்த்தி வையுங்கள். யாரிடமாவது ஓடுகிற கெசட் பிளேயர் இருந்தால் கொமென்ட்டில் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை போனுக்கு மாற்றித் தர எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள், காசு வேண்டாம். கெசட்டும் பதிவும் உங்கள் கைக்கே வரும்.

பங்குனியில் இடைமழை தொடங்குமுன் எச்சரிக்கைப் பதிவு வேலையையும் செய்து முடிக்க ஆசை. தோட்டத் தலைவர்மார், பள்ளி நிர்வாகிகள், கோயில் கமிட்டிக்காரர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். வாசிக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தில் எந்தச் சொல்லைச் சொன்னால் ஆட்கள் உடனே எழும்பி ஓடுவார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.